பச்சை பத்துத் தடவை துடிக்கும்

கால் கழுவாமல் அவர் யாரையும் அந்த அறைக்குள் விடமாட்டார். பங்குச் சாமியாரையும் விடவில்லை. வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை, ஒரு சாக்கு. கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே.

எங்கள் கரை மணல் கறுப்பு. மணவாளக்குறிச்சிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். காந்தத்தைக் காட்டினால் எழுந்து வந்து ஒட்டும். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. அவருடைய ஸ்குரூ டிரைவர் நுனியிலும் இருக்கிறது. அதில் ஒட்டி ஒரு மணல் மெஷினுக்குள் விழுந்தால் போதும், எல்லாம் போய்விடும் என்பார்.

"ஒரு மணல்தானே?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கண்ணுல விழுந்தா ஒரு மணல்தானேன்னு இருப்பீரா மைனி?"

நான் திரும்பிப் போய் இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தேன்.

அவர் அடுத்த தெரு. என் வீட்டுக்காரரைவிட நாலு வயது இளையவர். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல் என்னை மைனி என்பார். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதனால் என்ன கேடு வருமோ என்றுதான் முதலில் யோசிப்பார்.

தென்னைமரத்தின் அடியில் நடக்கமாட்டார். பஸ்ஸில் முன்பக்கம் உட்காரமாட்டார். மீன் சாப்பிடும்போது வாய் திறந்து பேசமாட்டார். முள் சிக்குமாம். எங்கள் கரையில் முள்ளுக்குப் பயந்த ஆண்பிள்ளை அவர் ஒருத்தர்தான். கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "பிள்ளை பெறப்போய் எத்தனை பேரு சாவுதாவ தெரியுமா மைனி?" என்பார். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. அதற்குள் பிரசவம் வரைக்கும் பயந்து முடித்திருந்தார்.

கடலில் காலை நனைக்கமாட்டார். கடல் ஊருக்குள் வந்த வருஷம்தான் அவரை அப்படி ஆக்கியது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த வருஷம் அவர் கல்ஃபில் இருந்தார். அதற்கு முன்பும் அவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா கடலுக்குப் போனார். திரும்பவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான்.

கல்ஃபில் அவருக்கு ஒரு வேலை. பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் கத்துகிற மணி இருக்குமாம். அது கத்துமா என்று மாடி மாடியாகப் போய்ச் சோதிக்க வேண்டும். எட்டு வருஷம் செய்தார். ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை.

"நல்லதுதானே?" என்றேன்.

"அதுதான் மைனி பேடி." பேடி என்றால் எங்கள் பக்கம் பயம். "சும்மா இருக்க மணி நல்லா இருக்கா, செத்துப்போச்சான்னு எப்படித் தெரியும்? ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்."

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

கோயில் மணிக்கூண்டின் கீழே ஒரு அறை. அங்கே வயர்லெஸ் உண்டு. கடலில் நிற்கிற வள்ளங்களோடு பேசுவதற்கு. காற்று, மழை என்று அரசாங்கத்தில் இருந்து எச்சரிக்கை வந்தால், யாராவது ஞாபகம் வைத்துப் போய் மைக்கில் சொல்வார்கள். ஞாபகம் வராவிட்டால் இல்லை. அவர் கல்ஃபில் இருந்து வந்த பிறகு ஊர்க் கமிட்டியில் போய்ச் சொன்னார், மனுஷன் மறப்பான், மெஷின் வைக்கலாம் என்று. மெஷினே எச்சரிக்கையை எடுக்கும். மேலே கோபுரத்துக் குழாயிலும் பேசும். வயர்லெஸ்ஸிலும் பேசும். அரை மணிக்கு ஒரு தடவை.

மெஷின் என்றதும் நான் குளிர்பெட்டி அளவுக்கு நினைத்தேன். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகையைக் கொண்டுவந்தார். ஒரு ஓரத்தில் இரண்டு பொட்டு விளக்கு. அறைச் சாவி என்னிடம் இருந்தது. கோயில் கூட்டுகிறவள் நான். என் வீடும் பக்கத்துச் சுவர். அதனால் எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

"இதுல எல்லாம் இருக்கு மைனி. ஆனா இப்ப இது வெறும் மரம். வள்ளத்த ஓட்ட ஸ்ராங்கு ஏறணும்லா? அதுபோல இதுக்குள்ள ஒருத்தனை ஏத்தணும். ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு பேரு. அவன் ஏறினா பிறகு, ஒண்ணொண்ணும் அவன் செல்லுறதக் கேக்கும்."

அந்த ஸ்ராங்கு நகம் அளவு அட்டையில் இருப்பானாம். லேப்டாப்பில் வைத்து அவனை அட்டையில் எழுத வேண்டும். அவர் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். என்னை மூச்சு மெதுவாக விடச் சொன்னார். எண் ஏறியது. பத்து, இருபது. ஐம்பதில் கொஞ்ச நேரம் நின்றது. அவர் முகம் சாம்பல் மாதிரி ஆனது. பிறகு நகர்ந்தது. நூறு வந்ததும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. எழுதியது சரியா என்று அதுவே ஒரு தடவை வாசித்துப் பார்க்குமாம். அதற்கும் காத்திருந்தார்.

அட்டையைப் பலகையில் செருகினார். பழைய டிவி ஒன்றில் மாட்டினார். ஒயரைச் சேர்த்ததும் சிவப்பு எரிந்தது.

"சிவப்பை நம்பாதீரும் மைனி. சிவப்பு எரிஞ்சா கரண்டு வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். பொணத்துக்கும் மெழுகுதிரி எரியும். பச்சையப் பாரும். பச்சை துடிச்சாத்தான் உள்ள ஆளு இருக்கு."

பச்சை துடித்தது. டிவியில் மேலே வரிசையாக நாலு சின்னப் பழம் வந்தது, பலகைக் கம்பெனியின் அடையாளமாம். அதற்குக் கீழே வெள்ளை எழுத்து ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓகே, ஓகே என்று பச்சையில். அவர் விரலால் ஒவ்வொரு ஓகேயையும் தொட்டுக்கொண்டே போனார். ஜெபமாலை உருட்டுவதுபோல்.

உப்புக்காற்று அரித்துவிடும் என்று என் மகளுடைய நகப்பாலிஷை வாங்கி, பலகையின் முதுகெல்லாம் பூசினார். சிவப்பாக ஆகிவிட்டது. பிறகு சோற்று டப்பா ஒன்றில் வைத்து மூடினார். மூடியைச் சுற்றி டேப். சாமியார் மந்திரிக்க வந்தபோது இவர் அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்ப்பா, தீர்த்தத்துக்குமா பயம்?" என்று சாமியார் சிரித்தார்.

"தண்ணிக்கு சாமி. அது தீர்த்தம்னு போர்டுக்குத் தெரியாது."

எனக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். டப்பாவின் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தார். மெஷினை நிறுத்த வேண்டுமானால் முதலில் அதை அழுத்த வேண்டும். உள்ளே இருக்கிறவன் எழுதிக்கொண்டிருப்பதை முடித்து மூடிவைப்பான். பச்சை ஒரே சீராகப் பத்துத் தடவை துடிக்கும். பிறகு அணையும். அதற்குப் பிறகுதான் ஒயரைப் பிடுங்க வேண்டும்.

"அதுக்கு முன்ன புடுங்கினா?"

"ஸ்ராங்கை நடுக்கடல்ல தள்ளிவிட்ட மாதிரி. திரும்ப ஏறமாட்டான்."

இடி இடித்தால் மெஷினை நிறுத்தி ஒயரைப் பிடுங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அதை யாரும் சொல்லித் தர வேண்டாம். இடி கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் டிவியையும் மிக்ஸியையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

மெஷினுக்குக் குரல் வேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீரே பேசும். படிச்ச ஆளு," என்றேன்.

"எனக்க குரல் ஆகாது மைனி. அதுல நடுக்கம் உண்டு. கரையில உள்ளவன் பேடிச்சுப் பேசினா கடல்ல உள்ளவனுக்கு வெப்ராளம் வரும், பதறுவான். கை தப்பும். உம்ம குரல்ல பயமே இல்ல."

மீன் கூவிக் கூவி உடைந்த தொண்டை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தனித்தனிச் சொல்லாகச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று. வாடைக் காற்று. கச்சான் காற்று. அலை. அடி. கடல் நல்லது. போக வேண்டாம். திரும்பி வரவும். மெஷின் அதையெல்லாம் வேண்டியபடி கோத்துக்கொள்ளுமாம். "திரும்பி வரவும்" என்பதை ஏழு தடவை சொல்லவைத்தார். ஏழாவதில் தலையாட்டினார்.

முதல் நாள் மெஷின் பேசியபோது நான் அடுப்பு முன்னால் நின்றேன். வாய் மூடியிருக்கிறது. கோபுரத்தில் நான் பேசுகிறேன். செத்த பிறகும் இது இப்படிப் பேசுமே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடலில் உள்ளவர்களுக்கு அது வேடிக்கை. "லே, உனக்க பெண்டாட்டி ஒன்ன இங்கயும் விடமாட்டாளா?" என்று வயர்லெஸ்ஸில் என் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வார்களாம். வீட்டுக்காரர் திரும்பி வந்து சொன்னார், "வீட்டுல ஒரு வாய். கோபுரத்துல ஒரு வாய். நான் எங்க போக?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குரல் சொன்னபடி இரண்டு தடவை வலையை ஏற்றிக்கொண்டு திரும்பிவந்தார். இரண்டு தடவையும் காற்று வந்தது.

மெஷின் நல்ல நாளிலும் பேசும். "இன்று கடல் நல்லது." அதுதான் சண்டையானது. விடியும் முன்னே தொடங்கி, பூசை நேரத்திலும், பிள்ளைகள் படிக்கும் நேரத்திலும், கடல் நல்லது, கடல் நல்லது. கமிட்டித் தலைவர் அவரைக் கூப்பிட்டார். கோயில் முற்றத்தில் வைத்துப் பேச்சு. நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"கடல் நல்லா இருக்குன்னு செல்ல மெஷின் எதுக்கு டே? எங்களுக்குக் கண்ணில்லியா? ஆபத்துக்கு மட்டும் பேசட்டும்."

"அப்ப மெஷின் கெட்டுப்போனா?"

"கெட்டா கெட்டுச்சு. நன்னாக்கினா போச்சு."

"கெட்டது எப்படித் தெரியும்? சத்தம் இல்லன்னா கடல் நல்லாருக்குன்னுதானே போவாவ? நல்லா இருக்குன்னு அது செல்லணும். செல்லல்லேன்னா ஒருத்தனும் எறங்கக்கூடாது. அதுதான் கணக்கு."

"உனக்கு எதுதான் பயம் இல்ல, அதச் செல்லு மக்கா," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் திரும்பி நடந்தார். அறைக்குப் போய் மெஷினில் அதை மாற்றினார். அன்றிலிருந்து ஆபத்து நாளில் மட்டும் பேசியது. அவர் சாயங்காலந்தோறும் வந்து பச்சையைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

பக்கத்துக் கரை ஊரிலும் அதேபோல் ஒன்று கேட்டார்கள். அவரிடம் எல்லாவற்றுக்கும் மாற்று ஒன்று இருக்கும். அந்த அட்டைக்கும் இருந்தது. மாத்திரை டப்பியில் அரிசி போட்டு, அதற்குள் வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் போனார். "ராத்திரி அங்கதான் தங்கல். பச்சையப் பாத்துக்கிடும் மைனி," என்றார்.

அன்று நாலு மணி வாக்கில் இடி வந்தது.

சாதாரண இடி இல்லை. கோயிலுக்குப் பின்னால் தென்னையில் விழுந்தது. ஓலை எரிந்தது. நான் வீட்டில் டிவி ஒயரைப் பிடுங்கினேன். செல்போன் சார்ஜில் கிடந்தது, அதையும் பிடுங்கினேன். அறைக்கு ஓடினேன். காலைக் கழுவினேன், அதை மறக்கவில்லை. டப்பாவின் பொத்தானில் விரலை வைத்தேன். மறுபடி ஒரு இடி. ஜன்னல் வெள்ளையாக ஆனது. அழுத்த வேண்டும். பத்து எண்ண வேண்டும். மெஷினில் கையை வைத்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும்.

நான் ஒன்றுகூட எண்ணவில்லை. ஒயரை அப்படியே பிடுங்கினேன்.

மழை விட்டு, ஆறு மணிக்குப் போய்த் திரும்பச் செருகினேன். சிவப்பு எரிந்தது. பச்சை ஒரு தடவை மின்னியது மாதிரி இருந்தது. பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கும் தெரியாது. வீட்டில் உப்புப் போட மீன் கிடந்தது. பூட்டிவிட்டு வந்தேன்.

விடியும் முன்னே கோபுரம் பேசவில்லை. சத்தம் இல்லை, அப்படியானால் கடல் நல்லது. வள்ளங்கள் போயின. பதினொன்று. என் வீட்டுக்காரரும் போனார். கஞ்சித் தூக்கை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எட்டு மணிக்கு அவர் பக்கத்துக் கரையில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் அங்கே ஏற்றிய மெஷின் விடியும் முன்னே பேசியிருக்கிறது. போக வேண்டாம். வாடைக் காற்று. அங்கே ஒரு வள்ளமும் இறங்கவில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆனாலும் எனக்கு நாலு தடவை போன் அடித்தாராம். என் போன் செத்துக் கிடந்தது.

வந்தவர் கரையைப் பார்த்தார். கரையில் வள்ளம் இல்லை.

அவர் ஓடி நான் பார்த்ததில்லை. விழுந்துவிடுவோமோ என்று நிதானமாக நடப்பவர். அன்று மணலில் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். நான் கோயில் வாசலில் நின்றேன். "சாவி, சாவி," என்றார். உள்ளே போனோம். அவர் கால் கழுவவில்லை. கறுப்பு மணல் தரையெல்லாம்.

சிவப்பு எரிந்தது. பச்சை இல்லை.

அட்டையை எடுத்து லேப்டாப்பில் வைத்தார். ஏதோ திறந்தார், ஏதோ வாசித்தார். மெஷின் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும் என்று முன்பே சொல்லியிருந்தார். எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை மணிக்கு நின்றது, எல்லாம். கடைசி வரியில் அவர் கண் நின்றது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து நாலு பத்துக்கு, மூடிவைக்காம நின்னிருக்கு," என்றார். "இடி பெருசா இருந்ததோ மைனி?"

"ஆமா."

அவர் லேப்டாப் பக்கம் திரும்பினார்.

"இது உள்ள கலங்கிப்போச்சு. புதுசாத்தான் ஏத்தணும். அரை மணிக்கூர் ஆவும்." கை விசைப்பலகை மேல் நின்றது. "புதுசா ஏத்தினா பழசு ஒண்ணும் இருக்காது. உம்ம குரலு லேப்டாப்புல இருக்கு, ஏறிடும்; ஆனா நேத்து நடந்த ஒண்ணும் அதுக்கு ஓர்மை இருக்காது."

அழுத்தினார். எண் ஏற ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு.

அதற்குள் ஜன்னல் கதவு அடிக்கத் தொடங்கியது. வாடை.

"மைக்க எடும்," என்றார். "வயர்லெஸ்ஸு தனிப் பாட்டரியில ஓடுது. மெஷின் பேசுறத நீரு பேசும்."

எடுத்தேன். தனித்தனியாகச் சொன்ன சொல் எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றோடு ஒன்று சேரவில்லை. "வாடைக் காற்று," என்றேன். "திரும்பி வரவும்."

ஒரு குரல் வந்தது. "அம்மா தாயே, எழும்பிட்டியா? மெஷின் இன்னைக்கு உறங்கிப்போச்சுலே." சிரிப்புச் சத்தம். இன்னொரு குரல், "இங்க நல்லாத்தான் இருக்கு. மீன் பெய்யுது. கொஞ்சம் வாய மூடு."

"திரும்பி வரவும்," என்றேன் மறுபடி. நடுவில் இருமிவிட்டேன்.

வயர்லெஸ்ஸில் சிரிப்பு நின்றது.

"லே, மெஷின் இருமுது."

"ஏலே, இது மெஷின் இல்லலே! நான்தான்லே! காத்து வந்தாச்சு, கரையில கதவு பறக்குது! திரும்புங்கலே!" என்று கத்தினேன்.

அது என் குரல் மாதிரியே இல்லை. அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய நடுக்கம் எல்லாம் அதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் பேசினார். "ஏட்டி, நீ எதுக்கு அங்க?"

"திரும்புங்க."

"வலை பாதி தண்ணியில கெடக்கு."

"வெட்டி விடுங்க."

"வெட்டவா? உனக்குப் பைத்தியமா?"

"வெட்டுங்க!"

"செரி," என்றார்.

ஒவ்வொரு வள்ளமாகக் கூப்பிட்டேன். பத்து பதில் வந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் போகிற சின்ன வள்ளம் ஒன்று, அதில் இருந்து பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பக்கத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது. எண்பது. உதடு அசைந்தது. ஜெபமா, எண்ணிக்கையா தெரியாது. நூறு வந்தது. அன்றைக்கும், அந்த அவசரத்திலும், எழுதியது சரியா என்று அது வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நான் கத்தினேன். அவர் அசையவில்லை. "தப்பா ஏறினா இன்னொரு அரை மணிக்கூர்," என்றார்.

செருகினார். பச்சை துடித்தது. நாலு பழம். ஓகே, ஓகே. கோபுரத்தில் என் குரல் எழுந்தது, எந்தப் பதற்றமும் இல்லாமல். திரும்பி வரவும். கீழே நான் அந்தச் சின்ன வள்ளத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலேயும் நான், கீழேயும் நான். இரண்டுக்கும் பதில் இல்லை.

பத்து வள்ளங்கள் மதியத்துக்குள் வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் ஆறாவதாக வந்தார். அந்தச் சின்ன வள்ளம் கவிழ்ந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் மண்ணெண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். சாயங்காலம் ஒரு விசைப்படகு எடுத்து வந்தது. வள்ளம் புரளும்போது எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவில் தம்பியின் கை மாட்டியிருந்தது. மூன்று விரல் போய்விட்டது. வலது கை. வலை இழுக்கிற கை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். முற்றம் நிறைய ஆள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அறைச் சாவி முந்தானையில் முடிந்து கிடந்தது.

"மெஷின் ஏன் பேசல்ல?" என்றார் தலைவர்.

நான் எழுந்திருக்க வேண்டும். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். விரல் போனவனின் அம்மா எனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தாள்.

அவர் எழுந்தார். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நடுங்குகிறவர். அன்று நடுங்கவில்லை.

"கார்டு போச்சு. எனக்க தப்பு. நான் பாக்காம வேற ஊருக்குப் போயிட்டேன்."

"கடல்ல கால் நனைக்காதவனுக்க கையில கடலைக் குடுத்தா இப்படித்தான்," என்று யாரோ சொன்னார்கள். "பேடித்தொண்டன்," என்றது இன்னொரு குரல். அந்த அம்மா எழுந்து போய் அவர் முகத்தில் துப்பினாள். அவர் துடைக்கவில்லை. இனி அறைக்குள் அவர் போகக்கூடாது என்று முடிவானது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார். "நல்ல நாளும் மெஷின் பேசட்டும். அது பேசல்லேன்னா யாரும் எறங்காதீங்க."

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "செரி," என்றார்.

மெஷினில் அதை மாற்றிவைக்க அவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான் திறந்துவிட்டேன். கால் கழுவிவிட்டு வந்தார். அட்டையில் எழுதுவது எப்படி என்று என்னையே நாலு தடவை செய்யவைத்தார். எந்த எழுத்தை அழுத்த வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு அட்டைப்பெட்டிக் கிழிசலில் எழுதிக் கொடுத்தார். லேப்டாப்பையும் அங்கேயே விட்டார்.

"எதுக்கு அப்படிச் செல்லினீரு?" என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் போனா ஊருக்கு ஒண்ணும் கொறையாது மைனி. உம்ம பேரு வெளிய வந்தா, அந்தக் குரலை ஒருத்தனும் நம்பமாட்டான். திரும்பி வான்னு செல்லும், இவதானேன்னு இருப்பான். அதுதான் எனக்குப் பேடி."

"நான் செல்லிடுறேன்."

"குரல் அங்க இருக்கது வரைக்கும் செல்லாதீரும்."

அடுத்த மாதம் கல்ஃபுக்குப் போய்விட்டார். மறுபடி அதே மணி வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவார். வேறு விசாரிப்பு கிடையாது. "பச்சை துடிக்குதா மைனி?" "துடிக்குது." "கால் கழுவுறாவளா?" "கழுவுறாவ." வைத்துவிடுவார்.

விரல் போன தம்பி இப்போது ஐஸ் உடைக்கிறான். இடது கையால். என்னிடம் மீன் கூடைக்கு ஐஸ் போடுவான். "மைனிக்க குரல் இல்லேன்னா அன்னைக்குப் பத்து வள்ளமும் போயிருக்கும்," என்பான். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன்.

நாலு வருஷம் என் குரல் பேசியது. காலையில் எழுந்ததும் நான் கேட்பது அதைத்தான். இன்று கடல் நல்லது. மூன்று தடவை அட்டை போனது. மூன்று தடவையும் நானே புதிதாக ஏற்றினேன்.

இப்போது புது மெஷின் வந்திருக்கிறது. ஒவ்வொரு வள்ளத்திலும் ஒன்று. குரலே வேண்டாம், எழுத்தாக வருகிறது. போன வாரம் பழையதை எடுக்க ஆள் வந்தார்கள். ஒருவர் நேராக ஒயரில் கையை வைத்தார்.

"நில்லும்," என்றேன். காலைக் கழுவச் சொன்னேன். பொத்தானை நானே அழுத்தினேன். பச்சை சீராகத் துடித்தது. சத்தமாக எண்ணினேன். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தில் அணைந்தது.

இனி என் குரலை நம்பி யாரும் கடலுக்குப் போக வேண்டியதில்லை. அவர் சொன்ன தவணை முடிந்தது, இனிச் சொல்லலாம். அன்று ஒயரைப் பிடுங்கியவள் நான்.

நாளைக்கு ஞாயிறு. பூசை முடிந்து முற்றத்தில் ஆள் இருக்கும்.